எழுதிக்கொடுத்தவர் பெயரையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மறைந்த தலைவர்களைச் செயற்கைக் குரலில் பேசவைத்து, இன்றைய அரசியலுக்குச் சான்றிதழ் வாங்கும் போக்கு தமிழகத்தில் வேரூன்றி வருகிறது. 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாத் திரையில் கலைஞரின் உருவம் தோன்றி, மு.க.ஸ்டாலினின் தலைமையைப் பாராட்டியது. அடுத்த மாதமே, ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அவரது குரலில் ஓர் ஒலிப்பதிவை அ.தி.மு.க. வெளியிட்டது. எடப்பாடி பழனிசாமிக்குத் துணை நிற்குமாறு அந்தக் குரல் தொண்டர்களைக் கேட்டுக்கொண்டது.

இந்த இரண்டாவதுதான் என்னை அதிகம் கலங்கவைக்கிறது. தமக்குப் பின் கட்சி யாருக்கு என்று வெளிப்படையாக அறிவிக்காமலேயே 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தார். அந்தக் கேள்விக்காகவே கட்சி பிளந்தது, வழக்குகள் நடந்தன. அவர் சொல்லாமல் விட்ட பதிலை அவர் குரலிலேயே சொல்லவைக்கும் உரிமையை யார் கொடுத்தது? எந்த அணி செய்திருந்தாலும் இதையேதான் கேட்பேன்.

செயற்கை நுண்ணறிவால் உருவானவற்றுக்கு அடையாளக் குறிப்பு வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2025 ஜனவரியில் கட்சிகளை அறிவுறுத்தியது. நல்லது, ஆனால் போதாது. குரல் இயந்திரத்தினுடையது என்று தெரிந்துவிடுகிறது; பேச்சை எழுதிக்கொடுத்தவர் யார் என்பது தெரிவதில்லை. முரசொலியில் உடன்பிறப்புக்கு எழுதிய கடிதங்களின் கீழே கலைஞர் 'மு.க.' என்று கையெழுத்திட்டார். எதிர்க்கட்சிகள் அந்தப் பெயரைப் பிடித்துக் கேள்வி கேட்டன, அவரும் பதில் சொன்னார். திரையில் தோன்றும் கலைஞரிடம் யார் போய்க் கேட்பது?

யூடியூபில் வரும் அரசியல் அலசல்கள் சிலவற்றிலும் இதே நிலைதான். சாட்பாட் என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதியதைச் செயற்கைக் குரல் வாசிக்கிறது. 'ரூ.' என்று எழுதியிருந்தால் ரூபாய் என்று சொல்லத் தெரியாமல் 'ரூ' என்றே வாசித்துவிட்டுப் போகிறது. கேள்வி கேட்டு எழுதவைப்பவர் எந்தப் பக்கம் சாய்ந்து கேட்கிறாரோ அந்தப் பக்கமே சாய்ந்து எழுதித்தரக்கூடிய கருவியை, நடுநிலை விமர்சகர் என்று நம்பி முதியவர்கள் பலர் கேட்கிறார்கள்.

சட்டம் வரும்வரை பத்திரிகைகள் ஒன்று செய்யலாம். இத்தகைய பேச்சுகளைச் செய்தியாக்கும்போது 'கலைஞர் பேசினார்', 'ஜெயலலிதா அழைப்பு' என்று தலைப்பிடாதீர்கள். உரையை எழுதியவர் யார் என்று கட்சியிடம் கேட்டு அந்தப் பெயரை அச்சிடுங்கள். சொல்ல மறுத்தால், மறுத்ததையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், விழுப்புரம்