முழு லாக்கையும் காட்டுங்க: எங்க ஆபீஸ் பில்ட் டீமுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பில்ட் டீம் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். ஆபீஸ் சேனல்ல இதையே இங்கிலீஷ்ல பவ்யமா எழுதிப் பார்த்தாச்சு, நீங்களும் ஒரு தம்ஸ் அப் போட்டுட்டு நகர்ந்துட்டீங்க. உங்க டீம்ல முக்காவாசி பேர் சேலம், மதுரை, நெல்லைன்னு நம்ம பக்கத்து ஆளுங்கதானே, தமிழ்ல எழுதினாலாவது கடைசி வரைக்கும் படிப்பீங்கன்னு ஒரு நப்பாசை. போன வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்க போர்டுல அது ‘ரிசால்வ்டு’ன்னு பச்சையா இருக்கு. எங்க பக்கம் அது என்ன கலர்ல இருந்துச்சுன்னு சொல்லத்தான் இந்த மடல்.

கேக்குறது ஒண்ணே ஒண்ணு. பில்ட் (நாங்க எழுதுற கோடை உங்க மெஷின்ல ஓட்டித் தயார் பண்றது) ஃபெயில் ஆச்சுன்னா லாக்கை (log, அப்ப என்னென்ன நடந்துச்சுங்குற வரி வரியான பதிவு) முழுசா காட்டுங்க. இப்ப நீங்க காட்டுற கடைசி பத்து வரி போதாது, முதல் வரியில இருந்து வேணும்.

அந்தக் கடைசி பத்து வரியில என்ன இருக்குன்னு நீங்க என்னைக்காவது பார்த்தீங்களா? ஸ்டெப் ஃபெயில்டு, எக்ஸிட் கோடு (கமாண்ட் எப்படி முடிஞ்சதுன்னு சொல்ற நம்பர்) 1, வொர்க்ஸ்பேஸ் க்ளீன் பண்றோம், கன்டெய்னரை (பில்டுக்காக மட்டும் உருவாக்குற தற்காலிக இடம்) அழிக்கிறோம், உதவிக்கு இந்த லிங்க். எல்லாம் எங்க கமாண்டைச் சுத்தி நீங்க வச்சிருக்குற ராப்பர் ஸ்கிரிப்ட் போடுற வரிங்க. அதுக்கு மேல, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜுங்களை இறக்குற என்பிஎம் சொன்னதுல மிஞ்சுறது ஒரே வரி, ‘முழு லாக் ரூட் ஃபோல்டருக்குள்ள என்பிஎம் லாக்ஸ்ல இருக்கு, போய்ப் பாருங்க’. எங்க போய்ப் பாக்குறது? ரெண்டு வரி கீழதான் அந்த கன்டெய்னரை அழிச்சுட்டேன்னு நீங்களே சொல்றீங்க. ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டா கடைசிப் பக்கத்துல இருக்குற ‘நன்றி, மீண்டும் வருக’வை மட்டும் கிழிச்சு கையில குடுக்குற லேப் மாதிரி இருக்கு.

வெள்ளிக்கிழமைக்கு வர்றேன். எங்க டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு, தூத்துக்குடி பக்கம், இங்க பெங்களூருல பிடிஎம் லேஅவுட்ல பிஜில தங்கியிருக்கு. ஞாயித்துக்கிழமை அவங்க அக்காவுக்கு வளைகாப்பு, வெள்ளிக்கிழமை ராத்திரியே மடிவாளால இருந்து ஆம்னி பஸ். மத்தியானம் அது போட்ட கமிட் (கோடுல பண்ற மாற்றம்) ஒரு பட்டன்ல இருக்குற எழுத்தை மாத்துறது, ‘சப்மிட்’டை ‘சேவ்’ ஆக்குறது, அவ்வளவுதான். பில்ட் செவப்பு. கடைசி கமிட் யாருதோ அவங்கதான் உடைச்சதுன்னு உங்க பாட் சேனல்ல பேரைப் போட்டு டேக் பண்ணுது, மேனேஜரும் அதைப் பார்த்துட்டு ‘சரி பண்ணிட்டு கிளம்பும்மா’ன்னு சொல்லிட்டாரு. அது லேப்டாப்ல ஓட்டினா ஓடுது, உங்ககிட்ட ஓட்டினா செவப்பு. உங்ககிட்ட டிக்கெட் (புகார்) போட்டுச்சு. உங்க பதில் என்னன்னு ஞாபகம் இருக்கா? நோட் மாட்யூல்ஸை (இறக்கின பேக்கேஜுங்க இருக்குற ஃபோல்டர்) அழிங்க, லாக் ஃபைலை (இது lock, நான் கேக்குற log இல்ல) அழிங்க, திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க, ரீட்ரை பண்ணுங்க. அந்தப் பொண்ணும் அழிச்சு அழிச்சு போட்டுச்சு, செக்யூரிட்டி வந்து ஃப்ளோர்ல லைட்டை அணைக்கிற வரைக்கும் போட்டுச்சு, பஸ் போயிடுச்சு, கடைசி நேரத்துல கேன்சல் பண்ணா காசும் திரும்பாது, அக்காகிட்ட போன்ல என்ன சொல்லிச்சுன்னு நான் கேக்கல.

இப்ப உண்மையான காரணத்தைச் சொல்றேன், ஏன்னா உங்க டிக்கெட்ல அது எங்கயுமே இல்ல. அன்னிக்கு காலையில நீங்க பேஸ் இமேஜை (எல்லா கன்டெய்னருக்கும் அச்சா இருக்குறது) மாத்தியிருக்கீங்க, அதுல நோட் என்வ் ப்ரொடக்ஷன்னு (NODE_ENV=production) ஒரு வேரியபிளை எல்லாருக்கும் சேர்த்து செட் பண்ணியிருக்கீங்க. யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லல. அந்த வேரியபிள் இருந்தா என்பிஎம் டெவ் டிபென்டன்சி (டெவலப் பண்றப்ப மட்டும் தேவைப்படுற பேக்கேஜ்) எதையும் இன்ஸ்டால் பண்ணாது, அது டாக்குமென்ட்லயே இருக்கு. ஆனா பேக்கேஜ் ஜேசன்ல (ப்ராஜெக்டுக்கு எந்தெந்த பேக்கேஜ் வேணும்னு எழுதி வச்ச ஃபைல்) ப்ரிப்பேர்னு ஒரு ஸ்கிரிப்ட் இருந்தா அதை மட்டும் இன்ஸ்டால் முடிஞ்சதும் ஓட்டியே தீரும். எங்க ப்ரிப்பேர்ல இருக்குறது ஹஸ்கி, கமிட் பண்றதுக்கு முன்னாடி லின்ட் (கோடுல தப்பு தேடுறது) ஓட்டுறதுக்காக வச்சது. ஹஸ்கி டெவ் டிபென்டன்சி. ஆக இன்ஸ்டால் ஆகாத ஒண்ணைக் கூப்பிட்டு, ‘ஹஸ்கி: நாட் ஃபவுண்ட்’னு ஷெல் சொல்லி, எக்ஸிட் கோடு 127 ஓட விழுந்திருக்கு. ஹஸ்கியோட டாக்குமென்ட்லயே இப்படி ஆகும், அப்படி ஆச்சுன்னா இதைப் பண்ணுங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தா அந்தப் பொண்ணே டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சரி பண்ணியிருக்கும். அந்த வரி உங்க பத்து வரிக்கு மேல இருந்துச்சு.

நான் எப்படி கண்டுபிடிச்சேன்னு கேப்பீங்க. திங்கக்கிழமை, இன்ஸ்டால் ஃபெயில் ஆனா என்பிஎம் லாக் ஃபோல்டரை அப்படியே ஆர்ட்டிஃபாக்ட்ஸ்க்கு (பில்ட் முடிஞ்சும் அழியாம சேமிக்கிற இடம்) காப்பி பண்ற மாதிரி எங்க ஸ்கிரிப்ட்ல ஒரு வரி சொருகினேன். ஒரு வரிதாங்க. நீங்க அதை எல்லா ப்ராஜெக்டுக்கும் போடலாம்.

அந்த 127ஐயும் நீங்க விட்டு வைக்கல. உங்க ராப்பர் எந்த கோடு வந்தாலும் அதை 1 ஆக்கி வெளிய தள்ளுது. 127ன்னா கமாண்டே இல்ல, 126ன்னா ஃபைல் இருக்கு ஆனா ஓட்ட பர்மிஷன் இல்ல, 137ன்னா பெரும்பாலும் மெமரி பத்தாம கெர்னல் கொன்னுடுச்சு. நம்பரை வச்சே பாதி வியாதி தெரிஞ்சுடும். எல்லாத்தையும் 1 ஆக்கினா நாங்க ஜோசியம்தான் பாக்கணும்.

பழைய என்பிஎம் 6 இருக்கே, எங்க ஒரு ப்ராஜெக்ட் இன்னும் நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுற மென்பொருள்) 14ல அதோடதான் ஓடுது, அது எலைஃப்சைக்கிள்னு எரர் போட்டுட்டு கூடவே ரொம்ப நாகரிகமா ‘இது அநேகமா என்பிஎம் பிரச்சனை இல்ல, மேல இன்னும் லாக் இருக்கும் பாருங்க’ன்னு சொல்லும். அந்த ‘மேல’யைத்தான் நீங்க வெட்டுறீங்க! 2020ல வந்த என்பிஎம் 7ல இருந்து இன்னொரு சங்கதி, டிபென்டன்சிங்களோட இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் என்ன பேசுதுன்னு சாதாரணமா வெளிய காட்டாது, ஃபோர்கிரவுண்ட் ஸ்கிரிப்ட்ஸ்னு ஒரு ஆப்ஷன் குடுத்தாதான் காட்டும். சில பேக்கேஜுங்களை கம்பைல் பண்ற நோட் ஜிப் பைத்தானைத் தேடி கம்பைலரைத் தேடி சண்டை போடுறதெல்லாம் அப்பதான் கண்ணுல படும். உங்க ரன்னர்ல (பில்ட் ஓடுற மெஷின்) ஆப்ஷன் எதையும் மாத்த எங்களுக்கு உரிமை கிடையாது, அதனால அது என்ன சண்டை போட்டாலும் எங்களுக்குக் கேக்காது.

இன்னொரு ப்ராஜெக்டை நோட் 18க்கு மாத்தினப்பவும் இதே கூத்துதான். 17ல இருந்து நோட் ஓபன் எஸ்எஸ்எல்ங்குற என்கிரிப்ஷன் லைப்ரரியோட 3ஆவது வெர்ஷனுக்கு போயிடுச்சு, கோடு ஃபைலுங்களை ஒண்ணாக் கட்டுற வெப்பேக் 4 ஹாஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி) போட பயன்படுத்துற எம்டி4ங்குற பழைய முறை அதுல எடுபடாது, ஊரு உலகத்துக்கே தெரிஞ்ச எரர். நாங்க மட்டும் ‘ஸ்டெப் ஃபெயில்டு’ங்குற வரியையே உத்துப் பார்த்துட்டு இருந்தோம்.

அப்புறம் அந்த லாக் ஃபைலை அழிக்கச் சொல்ற வைத்தியம். கோபம் வருது, அடக்கிக்கிட்டு எழுதுறேன். பேக்கேஜ் லாக்ங்குறது எந்த வெர்ஷன் இறங்கணும்னு அச்சடிச்சு வச்சிருக்குற ஃபைல், அதை அழிச்சுட்டு இன்ஸ்டால் பண்ணா பேக்கேஜ் ஜேசன்ல தொப்பி (^) போட்ட வெர்ஷனுங்க எல்லாம் அந்தத் தொப்பி அனுமதிக்கிற வரம்புக்குள்ள அன்னைக்கு புதுசா எது இருக்கோ அதுக்குத் தாவிடும். அந்தப் பொண்ணோட பட்டன் மாத்துற புல் ரெக்வெஸ்ட்ல ஆயிரக்கணக்கான வரி மாறிக் கிடந்துச்சு, அதை ரிவியூ பண்ணவும் முடியல, திரும்பப் பழைய லாக் ஃபைலை கொண்டு வந்து வச்சோம். 2025 செப்டம்பர்ல சாக், டீபக் பேக்கேஜுங்களை பராமரிக்கிறவரை ஃபிஷிங்ல ஏமாத்தி விஷம் கலந்த வெர்ஷனை ஏத்தினாங்களே, அன்னிக்கு புது வெர்ஷனை இழுத்தவங்கதான் மாட்டினாங்க. அதைப் பத்தி நம்ம செக்யூரிட்டி டீம் கட்டாய ட்ரெயினிங் வச்சு க்விஸ் வேற வச்சாங்க. அடுத்த கட்டடத்துல உக்காந்து உங்க பாட் லாக் ஃபைலை அழின்னு சொல்லுது. க்விஸ்ல உங்க பாட்டையும் உக்கார வச்சிருக்கலாம்.

சரி, மனசுல இருக்குறதையும் சொல்லிடறேன். போன டவுன்ஹால்ல டெவலப்பர் எக்ஸ்பீரியன்ஸ்னு ஒரு மணி நேரம் ஸ்லைடு போட்டீங்க, டிக்கெட் மூடுற வேகம் கூடியிருக்குன்னு கிராஃப் காட்டினீங்க, எல்லாருக்கும் கப் கேக் குடுத்தீங்க. டிக்கெட் வேகமாத்தான் மூடுது, யாரு இல்லன்னா, திறந்த உடனே மூடுறீங்களே! சேர்ந்து உக்காந்து வேலை பார்த்தா பிரச்சனை சீக்கிரம் தீரும்னு சொல்லி வாரத்துக்கு இத்தனை நாள் ஆபீஸ் வரணும்னு வேற சட்டம், நாங்களும் சில்க் போர்டு சிக்னல்ல ஆயுசைக் கொடுத்துட்டு வர்றோம், வந்து உங்க இடத்துக்கு நடந்து வந்து கேட்டா ‘டிக்கெட் போடுங்க’. இதுக்கு நான் பிஜி மொட்டை மாடியில உக்காந்தே டிக்கெட் போட்டிருப்பேனே.

மன்னிக்கணும், விஷயத்தை விட்டு எங்கயோ போயிட்டேன். உங்களுக்கும் ஆள் கம்மி, ராத்திரி ஆன்கால்ல யாரோ ஒருத்தர் தூக்கம் கெட்டுத்தான் உக்காந்திருக்கீங்க, அது தெரியும். நான் கேக்குறது உங்க வேலையைக் கூட்டுற விஷயமும் இல்ல. முழு லாக் கையில இருந்தா பாதி டிக்கெட் உங்ககிட்ட வராது, நாங்களே படிச்சு நாங்களே சரி பண்ணிக்குவோம். இடம் அடைக்குதுன்னா ஒரு வாரம் வச்சிருந்து அழிச்சுடுங்க. லாக்ல பாஸ்வேர்டு டோக்கன் கசிஞ்சிடும்னு பயம்னா அதை மறைச்சுட்டு மிச்சத்தைக் காட்டுங்க, அந்த பயம் நியாயமானது. எக்ஸிட் கோடை வந்தது வந்தபடி விடுங்க. பேஸ் இமேஜ்ல கை வச்சா முதல் நாளே ஒரு மெயில் தட்டி விடுங்க, அதையும் தயவுசெஞ்சு வெள்ளிக்கிழமை பண்ணாதீங்க. லாக் ஃபைலை அழிக்கச் சொல்ற அந்த ரெடிமேட் பதிலை பாட்ல இருந்து எடுத்துடுங்க.

இதுல எல்லாமும் உடனே முடியாதுன்னா பரவாயில்ல, லாக்கை மட்டுமாவது முழுசா காட்டுங்க. அந்தப் பொண்ணோட டிக்கெட்டைத் திரும்பத் திறந்து, காரணம் அதோட கமிட் இல்ல, இமேஜ் மாத்தினதுதான்னு ஒரு வரி எழுதிட்டு, சேனல்ல டேக் பண்ண அதே இடத்துல அதையும் போட்டீங்கன்னா ரொம்ப நன்றி. தீபாவளிக்கு அது டிக்கெட் போட்டாச்சு, அதே மடிவாளா பஸ்தான்.

இப்படிக்கு,
பெல்லந்தூர் ஆபீஸ்ல நாலாவது மாடி ஃப்ரன்ட்எண்ட் டீம்ல இருந்து ஒருத்தன்