எங்கள் கையெழுத்து பிரேம்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆசிரியர் தினம் நெருங்குகிறது. வகுப்பே சேர்ந்து காசு போட்டு, ஒரு வரியைக் கையால் எழுதி பிரேம் போட்டுத் தரச்சொல்லி எங்கள் கடைக்கு வருகிற நேரம் இது. வேலையைத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

'அங்கே யாரும் கையால் எழுதுவதில்லை, கணினியில் அச்செடுத்துக் கண்ணாடி போட்டுத் தருகிறார்கள்' என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றுகிறது. எங்களை நன்றாகத் தெரிந்தவர்களே அதை அனுப்பி, உண்மையா என்று கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. ஆனாலும் மனசு வலித்தது.

ஒரே வாசகத்தில் இரண்டு 'ழ' அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கின்றனவாம், அதுதான் ஆதாரமாம். இருக்கத்தான் செய்யும். பட்டை நிப்பை ஒரே சாய்வில் பிடித்துப் பென்சில் கோடுகளுக்குள் எழுதினால் எழுத்து அப்படித்தான் விழும். அதற்காகத்தானே பழகுகிறோம்! வாசகம் கைக்கு வந்ததும் முதலில் சாதாரணத் தாளில் எழுதிப் பார்க்கிறோம். தமிழில் கொம்பும் காலும் சேரச் சேர வரி நீளும். 'தோ', 'போ' என்றால் மூன்று எழுத்தின் இடம் போய்விடும். எந்தச் சொல்லோடு வரியை முடிப்பது என்று தீர்மானிக்கவே வெகுநேரம் ஆகும், ஆசிரியரின் பெயர் பாதியில் உடைந்துவிடக் கூடாது பாருங்கள். அதன்பிறகுதான் நல்ல தாளில் மெல்லிய கோடு போட்டு எழுதுவது. மை முழுதாகக் காய்ந்தால்தான் கோட்டை அழிக்கலாம். ஈரத்தில் ரப்பர் பட்டால் அத்தனையும் வீண்.

சந்தேகம் இருந்தால் நாங்கள் செய்த ஏதாவதொரு பிரேமை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நிப்பைத் தூக்கிய இடத்தில் மை தேங்கி அடர்ந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி கிடைத்தால் இன்னும் நல்லது. இங்க்ஜெட் அச்சில் நிறம் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரியும். எங்கள் எழுத்தில் புள்ளி இருக்காது.

மையும் தாளும்கூட யோசித்து வாங்குபவைதான். சாயம் கரைத்த மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும், அதனால் நுண்ணிய வண்ணப்பொடி கலந்த நிறமி மைதான். மலிவான மரக்கூழ்த் தாள் வெயில் பட்டால் மஞ்சளாகும், அதனால் பருத்தித் தாள். எழுத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையில் அமிலம் இருந்தால் நாளடைவில் தாளில் பழுப்புக் கோடு விழுந்துவிடும். அந்த அட்டை தரும் இடைவெளியே இல்லாவிட்டாலோ, ஈரக்காற்றில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இவை எல்லாமே விலை ஏறிவிட்டன. மட்டமான அட்டைக்கு மாறிவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். ஓர் ஆசிரியர் ஓய்வுபெற்ற பிறகும் அவர் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டிய பொருள் இது. மாற மாட்டோம்.

எங்களோடு எழுதிக்கொண்டிருந்தவர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆகவே இந்த முறை வாசகம் மூன்று வாரம் முன்னதாகவே எங்களிடம் வந்துவிட வேண்டும்; விலையும் சற்றுக் கூடும்.

அந்தச் செய்தியைப் பார்த்த பிறகும் தயங்காமல் ஆர்டர் தந்தவர்களை மறக்க மாட்டோம். மாணவராக இருந்தபோது தம் ஆசிரியருக்கு எழுதி வாங்கிப்போய், இப்போது பிள்ளையின் ஆசிரியருக்காக வருகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு மனமார்ந்த நன்றி.

வாசகம் தேடித் திணறுகிறவர்களுக்கு ஒரு யோசனை. பெரியவர்களின் பொன்மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 'புரியலைன்னா இன்னொரு தடவை கேளு, நான் இருக்கேன்' என்று உங்கள் ஆசிரியர் வகுப்பில் அடிக்கடி சொல்வாரானால் அதையே கொண்டுவாருங்கள், பேச்சுவழக்கு மாறாமல் எழுதித் தருகிறோம். தன் சொல்லையே பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிவதைவிட அவருக்கு வேறென்ன பரிசு வேண்டும்? பன்னிரண்டு சொற்களுக்குள் இருந்தால் எழுத்து பெரிதாகவும் நிறைவாகவும் அமையும். மாணவர் பெயர்களைப் பின்பக்கம் சிறிதாக எழுதலாம். ஆசிரியரின் பெயரை மட்டும், இனிஷியலோடு, அவர் எழுதுகிறபடியே தாளில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்