பிள்ளைகளின் வலைப்பூவைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்

நீலகிரி மாவட்ட மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் கணினி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

குன்னூர்ப் பக்கம் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கணினி கற்றுத்தருபவன் நான். வகுப்புக்காகத் தாங்கள் தொடங்கிய வலைப்பூக்களை மாணவர்கள் என்னிடம் ஆசையோடு காட்டுகிறார்கள். பலவற்றில் ஒரே வார்ப்புரு, ஒரே ரோஜாப் படம், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய 'ஊட்டியின் சுற்றுலாத் தலங்கள்'. மதிப்பெண் போட்டதும் வேலை முடிந்துவிடுகிறது. கடவுச்சொல் பள்ளியிடம் இருப்பதால் அடுத்த ஆண்டு அதைத் திறந்து பார்க்கக்கூட எழுதிய பிள்ளைக்கு வழியில்லை.

என் வேண்டுகோள் இதுதான்: அந்த வலைப்பூ பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். உருவாக்குவதும் எழுதுவதும் அவர்கள். பள்ளியை விட்டுப் போகும்போது கையோடு கொண்டுபோவதும் அவர்களாக இருக்கட்டும்.

பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் வலைப்பக்கம் உருவாக்க உதவும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிற பிள்ளை, வலைப்பூ என்றதும் ஆயத்த வார்ப்புருவில் நான்கு பொத்தான்களை அழுத்திவிட்டு எழுந்துவிடுகிறது. 'இணையம் சரியாக வருவதில்லை, என்ன செய்வது?' என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். ஆடி மாதக் காற்றில் மரம் சாய்ந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எஸ்டேட் லயன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நல்ல நாளிலேயே சிக்னல் கிடைப்பது அரிது. ஆனால் ஒரு வலைப்பக்கத்தை உருவாக்க இணையமே தேவையில்லை. ஆய்வகக் கணினியில் இருக்கும் நோட்பேடும் உலாவியும் போதும். தலைப்பு, பத்தி, படம் ஒவ்வொன்றுக்கும் உரிய எச்டிஎம்எல் குறியைத் (டேக்) தட்டிச் சேமித்துத் திறந்தால் பக்கம் கண்முன் வந்துவிடும். தடித்த எழுத்துக்கான குறியை மூட மறந்தால் அதற்குப் பின்னால் வருகிற அத்தனையும் தடித்துப்போகும். எங்கே விட்டோம் என்று தேடித் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது. கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதைக் குறிப்பிடாவிட்டால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியக்கூடும் என்பதும், கைப்பேசிப் படத்தைச் சுருக்காமல் ஏற்றினால் சிக்னல் குறைந்த ஊரில் பக்கம் திறக்கவே திறக்காது என்பதும் கைப்படச் செய்து பார்த்தால்தான் புரியும். இவ்வளவும் தெரிந்த பிறகு பிளாகரிலோ வேர்ட்பிரஸிலோ கணக்குத் தொடங்கட்டும்.

எதை எழுதுவது? மலை ரயிலை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது, பறிகூலியும் உரச்செலவும் போக வீட்டுக்கு என்ன மிஞ்சியது என்பதைக் கோத்தகிரியில் அரை ஏக்கர் வைத்திருப்பவரின் மகள் எழுதினால்தான் உண்டு. 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து டான்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். கப்பலேறி வந்த நாளைச் சொல்லக்கூடிய பாட்டிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க இந்தப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்? அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த எண் எல்லோருக்கும் தெரியும். அன்று எந்தக் கேரட் தோட்டம் சரிந்தது, எந்த வழியாக மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பது அந்த ஊர்க்காரர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

படுகர், தோடர், கோத்தர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் அதைப் பிழையென்று அடிக்காதீர்கள். அவர்கள் எழுதுவதில் மிகவும் மதிப்புள்ள பகுதி அதுவாகவே இருக்கலாம்.

பாதுகாப்பு பற்றிய உங்கள் அச்சம் எனக்கும் உண்டு. 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே முதலில் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். முழுப்பெயர், கைப்பேசி எண், சீருடையோடு எடுத்த படம் எதுவும் வேண்டாம். படக் கோப்பில் எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருக்கலாம். அதை நீக்கக் கற்றுக்கொடுங்கள். கூடலூர்ப் பக்கம் யானை நிற்கிற இடத்தை உடனுக்குடன் போடுவது கூட்டத்தைக் கூட்டி ஆளுக்கும் யானைக்கும் ஆபத்தாக முடியும். தோடர் மந்துகளில் (அவர்களின் குடியிருப்புகளில்) பெரியவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று தயங்கும் தலைமையாசிரியர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அழைக்கப்பட்டவர்கள் மட்டும் படிக்கும்படி வலைப்பூவை அமைக்கும் வசதி பிளாகரிலேயே இருக்கிறது. முதல் ஆண்டு வகுப்புத் தோழர்களும் பெற்றோரும் மட்டும் படிக்கட்டும். ஆனால் கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று ஒரு பிள்ளை எழுதினால் அந்தப் பதிவை நீக்கச் சொல்லாதீர்கள். தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

2018இல் பூத்த நீலக்குறிஞ்சி மறுபடி 2030இல் பூக்க வேண்டும். இன்று பதினொன்றாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு அப்போது ஏறக்குறைய இருபது வயது ஆகியிருக்கும். எந்தச் சரிவில் பூத்தது, எங்கே பூக்காமல் போனது என்று அன்று இவர்கள் எழுத, இன்று தொடங்கிய வலைப்பூ உயிரோடு இருக்க வேண்டும்.

ஆகவே இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவருக்கும் அவர் எழுதியவற்றின் பிரதியை ஒரு பென்டிரைவில் கொடுங்கள். கணக்கையும் கடவுச்சொல்லையும் பெற்றோர் அறிய மாணவரின் பெயருக்கே மாற்றிக்கொடுங்கள். வாரத்தில் ஒரு மாலை ஆய்வகத்தைத் திறந்துவைக்க உங்கள் பள்ளி முன்வந்தால், குன்னூரிலிருந்து பஸ் போகிற எந்த ஊருக்கும் நான் வந்து கற்றுத்தருகிறேன். ஊதியம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து ஒரு கணினி ஆசிரியர்