தணிக்கை அறிக்கைக்குக் கெடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களவையில் மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வோர் அமைச்சகமும் தன் செலவுக்குப் பணம் கேட்டு வைக்கும் கோரிக்கைகள், விவாதமின்றி நிறைவேறுவதைக் கண்டித்து வாசகர்கள் பலர் தங்கள் நாளிதழுக்கு எழுதி வருகிறார்கள். கண்டனம் நியாயமானதே. 2018இலும் 2023இலும் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் ஒரே நாளில், ஒரு சொல் விவாதமும் இல்லாமல், மொத்தமாக வாக்குக்கு விடும் 'கில்லட்டின்' முறையில் நிறைவேறின. ஆனால் மார்ச் மாதத்து அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்துக் கோபப்பட்டால், அதைவிடப் பெரிய ஓட்டை கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பணம் செலவான பிறகு அதன் கணக்கு நாடாளுமன்றத்துக்கு எப்போது வந்து சேர வேண்டும் என்பதற்கு இந்த நாட்டில் கெடுவே கிடையாது.

முதலில் மார்ச் மாதத்தைச் சொல்லிவிடுகிறோம். பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் வந்ததும் அவைக்குச் சுமார் மூன்று வாரம் இடைவேளை விடப்படுகிறது. அந்த இடைவெளியில் துறைசார் நிலைக்குழுக்கள் கோரிக்கைகளைப் பரிசீலிக்கின்றன. மொத்தம் 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 பேர். செயலாளர்களை அழைத்துக் கேட்பார்கள், அறிக்கையும் தருவார்கள். ஆனால் அந்த அறிக்கையில் வெட்டுத் தீர்மானம் போன்ற எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்று மக்களவை நடைமுறை விதிகளே சொல்கின்றன. ஒதுக்கீட்டில் ஒரு ரூபாயைக் குறைக்கச் சொல்லும் உரிமைகூடக் குழுவுக்கு இல்லை. அது தனி உறுப்பினரின் கையில் இருக்கிறது. கொள்கையை எதிர்த்தால் ஒதுக்கீட்டை ஒரு ரூபாயாகக் குறைக்கவும், குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்ட 100 ரூபாய் குறைக்கவும், சிக்கனம் கோரினால் அதற்கான தொகையைக் குறைக்கவும் சொல்லி அவர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கில்லட்டின் விழுந்தால் அந்தத் தீர்மானங்கள் பேசப்படாமலே போய்விடும்.

இனி செலவுக்குப் பின் நடப்பது. அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சி.ஏ.ஜி.) தம் அறிக்கைகளைக் குடியரசுத் தலைவரிடம் அளிக்க, அவர் அவற்றை இரு அவைகளிலும் 'வைக்கச் செய்வார்' என்கிறது அரசமைப்பின் 151ஆவது கூறு. எத்தனை நாளுக்குள் என்று அதில் இல்லை. மாநிலங்களில் ஆளுநர், சட்டமன்றம் என்று மாறுமே தவிர, அங்கும் கெடு இல்லை. ஆக, தணிக்கைக்கு உட்படும் அரசே அந்த அறிக்கை வெளிவரும் நாளையும் தீர்மானிக்கிறது. டெல்லியில் என்ன நடந்தது என்று பாருங்கள். 14 அறிக்கைகள் தேங்கிக் கிடந்தன. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தாமதத்தைக் கண்டித்தது; ஆனால் இதற்காகப் பேரவையைக் கூட்டும்படி உத்தரவிட மறுத்துவிட்டது. தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய பிறகு, பிப்ரவரியில்தான் அவை ஒவ்வொன்றாகப் பேரவைக்கு வரத் தொடங்கின. வாக்களித்த மக்கள் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வாக்களிக்கவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இது நடக்கும், ஏனென்றால் சட்டம் இடம் கொடுக்கிறது.

தாமதத்தின் விலை என்ன என்பதற்கு இந்திய உணவுக் கழகத்தின் கணக்கைவிடத் தெளிவான சான்று எங்களுக்குத் தெரியவில்லை. கழகம் குறைந்தபட்ச ஆதரவு விலையில் நெல்லும் கோதுமையும் கொள்முதல் செய்து, ரேஷனுக்கு மிகக் குறைந்த விலையில் கொடுத்து வந்தது; 2023 முதல் இலவசமாகவே கொடுக்கிறது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய் என்றிருந்தது. வாங்கி, சேமித்து, கொண்டுசேர்க்க ஆகும் செலவுக்கும் இந்த விற்பனை விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உணவு மானியம். அதை உணவுத் துறையின் மானியக் கோரிக்கையில் கேட்டு, மக்களவையின் ஒப்புதல் பெற்றுத் தர வேண்டும். 2016-17 முதல் மத்திய அரசு அதில் ஒரு பகுதியை மானியமாகத் தராமல், தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்துக்குக் கடனாகக் கொடுத்தது. அந்த ஆண்டில் மட்டும் 70,000 கோடி ரூபாய். கடன் கழகத்தின் ஏட்டில் ஏறியதால் அரசின் நிதிப் பற்றாக்குறையில் அது தெரியவில்லை. வட்டி மட்டும் கழகத்தின் செலவோடு சேர்ந்து, மறுபடியும் மானியத் தொகையையே கூட்டியது. 2019-20இல் உணவு மானியத்துக்கு பட்ஜெட்டில் 1,84,220 கோடி ஒதுக்கிவிட்டுத் திருத்திய மதிப்பீட்டில் 1,08,688 கோடியாகக் குறைத்தார்கள். ரேஷன் கடையில் அரிசி குறையவில்லை. குறைந்தது பட்ஜெட் காகிதத்தில் காட்டிய தொகை மட்டுமே.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது தணிக்கைதான். 2016-17ஆம் ஆண்டில், அரசின் பற்றாக்குறைக்கு வரம்பு வைக்கும் நிதிப் பொறுப்புச் சட்டம் பின்பற்றப்பட்டதா என்று ஆராய்ந்த அறிக்கை, உணவு மானியத்தோடு உர மானியத்தையும் ரயில்வேயின் கடன்களையும் சேர்த்து, பட்ஜெட்டுக்கு வெளியே நிற்கும் கடன்களைச் சுட்டியது. அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 2019 ஜனவரியில். கணக்காண்டு முடிந்து ஏறக்குறைய 21 மாதங்கள் ஓடியிருந்தன. அதற்குள் மேலும் இரண்டு பட்ஜெட்டுகள் நிறைவேறியிருந்தன. கழகத்தின் சிறுசேமிப்புக் கடனும் ஏறிக்கொண்டே போனது. ஆனால் அறிக்கை வெளிவந்தபின் பலன் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2019-20 முதல், பட்ஜெட்டுக்கு வெளியே திரட்டும் நிதியைக் காட்டும் 27ஆம் எண் அறிக்கை செலவு விவரத் தொகுதியில் இடம்பெறத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் நிதியமைச்சர் இந்தக் கடன் முறையையே நிறுத்தி, நிலுவையை பட்ஜெட்டுக்குள் கொண்டுவந்தார். 2020-21க்கு 1,15,570 கோடி என்றிருந்த உணவு மானியம் திருத்திய மதிப்பீட்டில் 4,22,618 கோடியானது. கொரோனா கால இலவச அரிசியின் செலவும் இதில் உண்டு. என்றாலும் பழைய கடனை அடைக்கும் தொகையும் அதில் ஒரு பெரிய பகுதி. அறிக்கை ஓர் ஆண்டு முன்னதாக வந்திருந்தால் ஓராண்டுக் கடனும் அதற்கான வட்டியுமாவது மிஞ்சியிருக்கும்.

அறிக்கை அவைக்கு வந்தபின் பொதுக்கணக்குக் குழுவிடம் போகிறது. 22 பேர் கொண்ட குழு: மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவர், இது மதிக்கப்பட்டு வரும் நல்ல மரபு. ஆனால் பதவிக்காலம் ஓராண்டுதான். ஒரு துறையின் கணக்குத் தலைப்புகள் பழகி, எந்த இடத்தில் கேள்வி கேட்டால் செயலாளர் திணறுவார் என்று புரிவதற்குள் குழு மாறிவிடுகிறது. வரும் தணிக்கைப் பத்திகளில், அதாவது அறிக்கை பத்தி பத்தியாகச் சுட்டும் குறைகளில், மிகச் சிலவற்றை மட்டுமே அது வாய்மொழிச் சாட்சியத்துக்கு எடுக்க முடிகிறது. மற்றவற்றுக்கு, அறிக்கை வைக்கப்பட்ட நான்கு மாதங்களுக்குள், என்ன செய்தோம் என்று சொல்லும் நடவடிக்கைக் குறிப்பை அமைச்சகம் தர வேண்டும்.

காரியம் கெடுவது இந்த நான்கு மாதத்தில்தான். குறிப்பைத் தணிக்கைத் துறை சரிபார்க்க வேண்டும். 'எதிர்காலத்தில் கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டுள்ளது', 'மாநில அரசிடம் விவரம் கோரப்பட்டுள்ளது' என்று எழுதி அனுப்பினால் அது திரும்பி வரும். மறுபடி அனுப்புவார்கள், மறுபடி வரும். இப்படிக் கோப்பு போய்வருவதற்குள் பணத்தைக் கொடுத்த அதிகாரி மாறுதலில் போயிருப்பார் அல்லது ஓய்வு பெற்றிருப்பார். அதிகப்படியாக வாங்கிய ஒப்பந்ததாரரிடம் வசூலிக்கும் காலவரம்பும் முடிந்திருக்கும். நிலுவைக் குறிப்புகளைக் கண்காணிக்க நிதி அமைச்சகத்தில் இணையதளமே இருக்கிறது. அமைச்சகவாரியாக எந்தப் பத்தி எத்தனை மாதமாக நிலுவையில் நிற்கிறது என்று ஒவ்வொரு கூட்டத்தொடரின் முதல் நாளிலும் அவையில் பட்டியல் வைப்பதற்குப் புதிய செலவு எதுவும் தேவையில்லை.

ஒதுக்கியதையும் செலவானதையும் ஒப்பிட்டுக் காட்டும் ஒதுக்கீட்டுக் கணக்குகளைப் புரட்டினால் இன்னொரு பழக்கம் ஆண்டுதோறும் தென்படும். ஒரு துறை டிசம்பரில் துணை மானியக் கோரிக்கை வைத்துக் கூடுதல் பணம் வாங்கும். மார்ச் 31இல் பார்த்தால் முதலில் ஒதுக்கியதே முழுதாகச் செலவாகியிருக்காது. கேட்ட கூடுதல் தொகை முழுவதும் வீண். அந்தப் பணம் வேறொரு துறைக்குப் போயிருக்கலாம். ஒரு மானியத்தில் 100 கோடி அல்லது அதற்கு மேல் மிச்சமானால் பொதுக்கணக்குக் குழுவுக்கு விளக்கம் தர வேண்டும். கடைசிக் காலாண்டில் 33 விழுக்காட்டுக்கு மேலும் மார்ச்சில் மட்டும் 15 விழுக்காட்டுக்கு மேலும் செலவழிக்கக் கூடாது என்ற நிதி அமைச்சகத்தின் கட்டுப்பாடும் உண்டு. இவையெல்லாம் ஆண்டு முடிந்தபின் கணக்கில் தெரிபவை. அடுத்த துணைக் கோரிக்கை அவைக்கு வரும்போது, அதே துறை சென்ற ஆண்டு எவ்வளவு திருப்பிக் கொடுத்தது என்ற ஒரு வரியை அந்தக் கோரிக்கையிலேயே அச்சிட்டால் போதும், உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள்.

பொதுத்துறைச் சீர்திருத்தம் பற்றிப் பேசுவோர் இதையும் நினைவில் வைக்க வேண்டும். அரசின் பங்கு 51 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அது அரசு நிறுவனம். அதன் தணிக்கையாளரை நியமிப்பவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். துணைத் தணிக்கை செய்து கருத்துரைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆண்டறிக்கை நாடாளுமன்றத்துக்கு வரும். பொதுத்துறை நிறுவனங்களுக்கான குழு அதை விசாரிக்கலாம். ஆனால் ஸ்டேட் வங்கி முதலான பொதுத்துறை வங்கிகளும் எல்.ஐ.சி.யும் இந்தத் தணிக்கைக்குள் வருவதில்லை. 2017 அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனத் திட்டத்தை அரசு அறிவித்தது. அதில் 1.35 லட்சம் கோடி, அரசு வெளியிடும் மறுமூலதனப் பத்திரங்கள் வழியே திரட்டப்படுவதாக இருந்தது. அரசு எந்த அடிப்படையில் மூலதனம் கொடுத்தது என்பதைத் தணிக்கை கேட்கலாம். வங்கி அதை என்ன செய்தது என்று வங்கியின் ஏட்டைத் திறந்து கேட்க முடியாது. பொதுப் பணம் போகும் இடத்துக்கெல்லாம் தணிக்கையும் போக வேண்டும் என்பதே எங்கள் நிலை.

கெடு விதிக்க அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை என்று கருதுகிறோம். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கடமைகளையும் அதிகாரங்களையும் வரையறுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கலாம். அவை கூடியிருந்தால் அறிக்கை கிடைத்த ஏழு நாளுக்குள், இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்துக்குள் வைக்க வேண்டும்; தவறினால் அவைத் தலைவரே அதை வெளியிடலாம் என்று இருக்கட்டும். பிரிட்டனில் தணிக்கைத் தலைவர் காமன்ஸ் அவைக்கு நேரடியாகவே அறிக்கை தருகிறார். அங்குள்ள பொதுக்கணக்குக் குழு சாட்சிகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி விசாரிக்கிறது. அரசு சுமார் இரண்டு மாதத்தில் பதில் தருகிறது. நம் குழு மூடிய அறையில் விசாரிக்கிறது. நாட்டின் பாதுகாப்பு தொடர்பானவை நீங்கலாக மற்றவற்றைத் திறந்து வைக்கத் தடை என்ன?

சட்டம் வரும்வரை தமிழகத்து உறுப்பினர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எழுத்துமூலப் பதில் கோரும் கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு போதும். 'தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அளித்து இன்னும் அவையில் வைக்கப்படாத அறிக்கைகள் எத்தனை, ஒவ்வொன்றும் அரசுக்குக் கிடைத்த தேதி என்ன, நான்கு மாதம் கடந்தும் நடவடிக்கைக் குறிப்பு வராத பத்திகள் அமைச்சகவாரியாக எத்தனை' என்று நிதி அமைச்சரிடம் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்க வேண்டும். சட்டமன்றத்திலும் இதே கேள்வியைக் கேட்கலாம். தங்கள் தொகுதி உறுப்பினருக்கு வாசகர்கள் இந்த வாசகத்தை அப்படியே எழுதி அனுப்பலாம்.

இங்ஙனம்,
அரசுக் கணக்கு, தணிக்கைப் பணிகளில் இருந்து ஓய்வு பெற்றோர் சிலர்,
மதுரை.