பாதியில் எழுந்து போன நண்பர்களுக்கு

அன்புள்ள படக்குழு நண்பர்களே,

சனிக்கிழமை சிங்கப்பூர் தோ பாயோவில் செரெட்சே காமாவின் வாழ்க்கைப் படம் போட்டோம். 22 பேர் வந்தீர்கள். முடியும்போது 9 பேர். மறுநாள் வாட்ஸ்அப்பில் “மெகா சீரியல் தோற்றது” என்று ஒரு செய்தி, கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். சரி, படத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான், நானே பதில் சொல்கிறேன்.

மெதுவான படம்தான். நடந்த கதையே அப்படி. இன்றைய போட்ஸ்வானாவில் பாமாங்வாட்டோ மக்களின் பட்டத்து இளவரசர் செரெட்சே, லண்டனில் சட்டம் படிக்கப் போன இடத்தில் 1948இல் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறார். அதே ஆண்டு பக்கத்துத் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வருகிறது. அந்த நாட்டின் தங்கமும் யுரேனியமும், அப்போது போட்ஸ்வானாவைக் கையில் வைத்திருந்த பிரிட்டனுக்கு வேண்டும்; அதைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. செரெட்சே ஆளத் தகுதியானவர்தான் என்று பிரிட்டனின் விசாரணைக் குழு எழுதியதும் அறிக்கையைப் பூட்டி வைத்துவிட்டார்கள். 1950இல் பேச வா என்று லண்டனுக்கு அழைத்து, ஊர் திரும்பக் கூடாது என்றார்கள். எதிர்க்கட்சியில் இருந்து அதைக் கண்டித்த சர்ச்சில் 1951இல் பிரதமரானார். அடுத்த ஆண்டே தடையை நிரந்தரமாக்கியது அவருடைய அரசுதான். பட்டத்தையே விட்டுக்கொடுத்த பிறகு, 1956இல் செரெட்சே ஊர் மண்ணை மிதிக்கிறார். இன்னும் பத்தாண்டு கழித்து நாட்டின் முதல் அதிபர். இதை இரண்டு பாட்டு, ஒரு சண்டையோடு எப்படி முடிப்பது?

நீங்கள் எழுந்தது எந்த இடத்தில் தெரியுமா? செரெட்சேயின் ஊரான செரோவேயில் கோட்லா கூடும் காட்சி. கோட்லா என்றால் நம் ஆலமரத்தடிப் பஞ்சாயத்து மாதிரி. ஊரார் பேசி முடிக்கும்வரை தலைவர் காத்திருக்க வேண்டும். இந்தக் கல்யாணத்துக்காக மூன்று முறை கூடினார்கள். முதலில் கடும் எதிர்ப்பு. முன்னின்று எதிர்த்தவர், வளர்த்த சித்தப்பா செகெடி. 1949 ஜூனில்தான் கூட்டம் செரெட்சே பக்கம் திரும்பியது. திரையில் ஒரு ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, நம் பின்வரிசையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன.

எனக்கும் குறை உண்டு. சித்தப்பாவின் தரப்புக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். வெள்ளைக்கார அதிகாரிகள் நாடகக் கம்பெனி வில்லன்கள் மாதிரி உதட்டைச் சுழிக்கிறார்கள். அப்புறம் அந்த ஏர்கான் குளிர். அதற்கு நான் பொறுப்பில்லை.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, கோட்லா காட்சியிலிருந்து மறுபடி போடுகிறேன். கோப்பி என் செலவு. இந்த முறை நாற்காலி கிடையாது, பாய்தான்.