ரத்தக்கட்டிக்கு அளவு உண்டு, வீக்கத்துக்கு ஏன் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்ட பிறகு உண்டாகும் அழற்சியை ஸ்கேனிலேயே பார்த்துவிடலாம் என்று பத்திரிகைகளில் அவ்வப்போது செய்தி வருகிறது. தென்காசிப் பக்கம் சி.டி. ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவன் நான். எங்கள் அறையில் நடப்பதையும் கொஞ்சம் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நோயாளியை மறுபடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கூட வருகிற உறவினருக்குக் கோபம் என் மேல்தான். "ஏ தம்பி, ரத்தம் கூடலன்னு நேத்தே டாக்டர் சொல்லிட்டாரு. திரும்ப எதுக்கு? பில்லு ஏத்தவா?" பில் ஏற்றுவதற்கென்றே எடுக்கிற ஸ்கேனும் ஊரில் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இது அந்த ரகம் இல்லை.

கசிவு பெரும்பாலும் முதல் நாளுக்குள் நின்றுவிடும். அதற்கப்புறம்தான் அடுத்த தொல்லை. ரத்தம் உறையும்போது உருவாகிற த்ராம்பின் பக்கத்துத் திசுவைச் சீண்டிவிடுகிறது. மூளையிலேயே இருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் கிளர்ந்துகொள்கின்றன, ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களும் வந்து சேர்கின்றன. சில நாள் போனால் கட்டியில் உள்ள சிவப்பணுக்கள் சிதைந்து இரும்பு வெளியேறும், அதுவும் மூளைக்கு நஞ்சுதான். இதனாலெல்லாம் சுற்றிலும் நீர் கோத்து வீங்குகிறது. முதல் இரண்டு மூன்று நாளில் வேகமாகக் கூடும், ஒரு வாரம் இரண்டு வாரம்கூட இழுக்கும். நேற்றுக் கண் திறந்து பார்த்தவர் இன்றைக்கு ஏன் மயங்கிக் கிடக்கிறார் என்பதற்கு விடை பல நேரம் இந்த வீக்கத்தில்தான் இருக்கிறது.

சி.டி.யில் இது எப்படித் தெரியும்? படத்தில் ஓர் இடம் எவ்வளவு வெள்ளை, எவ்வளவு கறுப்பு என்பதை எண்ணாகச் சொல்வது ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு. அதில் தண்ணீருக்கு 0. மூளைத் திசு 30, 40 வாக்கில் இருக்கும். புதிய ரத்தக்கட்டி 60, 70 என்று வருவதால் வெள்ளை வெளேரென்று தெரியும், கர்சரை வைத்து யாரும் அளந்துவிடலாம். வீங்கிய இடமோ மூளையைவிடச் சற்றே கறுப்பு, ஓரம் எங்கே முடிகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, நான் பார்க்கிற ரிப்போர்ட்டுகளில் கட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் இருக்கும், வீக்கத்துக்கு 'சுற்றிலும் லேசான வீக்கம்' என்று ஒரே வரி. அடுத்த ஸ்கேனிலும் அதே வரிதான், அப்படியே காப்பி. அந்த 'லேசான' கூடியதா குறைந்ததா? ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ரேடியாலஜி டாக்டர்கள் அங்கேயும் ஓர் அளவு போட்டால் நன்றாக இருக்கும். எங்கள் பங்கும் உண்டு. முதல் ஸ்கேனில் தலையை எந்தச் சாய்வில் வைத்தோமோ, ஸ்லைஸ், அதாவது ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின் தடிமன், எத்தனை மில்லிமீட்டரோ, அதேபோல் மறுபடி எடுத்தால்தான் ஒப்பிட முடியும். வேறு ஊரில் முதல் ஸ்கேன் எடுத்தவர்கள் ஃபிலிமோடு நிற்காமல், படம் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்கி வர வேண்டும்.

செய்தியில் வருவது இதற்கும் மேலே. சி.டி. காட்டுவது வீக்கத்தை மட்டும்தான். கிளர்ந்த செல்களையே காட்டுவதற்கு பெட் ஸ்கேன் ஆராய்ச்சி நடக்கிறது. அந்தச் செல்களில் கூடுகிற டி.எஸ்.பி.ஓ. என்ற புரதத்தில் போய் ஒட்டும் மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். முதலில் வந்த மருந்தில் கார்பன்-11 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, 20 நிமிடத்தில் அது பாதியாகிவிடும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் வந்த மருந்துகள் பல, ஆளின் மரபணுவைப் பொறுத்துக் கூடக்குறைய ஒட்டுகின்றன. ஆகவே ரத்தக்கசிவு நோயாளியைத் தூக்கிக்கொண்டு பெட் ஸ்கேன் தேடி யாரும் அலைய வேண்டாம்.

இன்னொன்று. அழற்சி என்று கேட்டதுமே "ஸ்டீராய்டு போட்டால் என்ன?" என்பார்கள். பாங்காக்கில் அதைச் சோதித்துப் பார்த்து 1987-இல் முடிவை வெளியிட்டார்கள். உயிரிழப்பு குறையவில்லை, கிருமித்தொற்று போன்ற சிக்கல்கள் கூடின, சோதனையையே பாதியில் நிறுத்தினார்கள். இரும்பை நீக்கும் மருந்தும் 2019-இல் வந்த ஆய்வில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பலன் தெரிந்தது சாதாரண விஷயங்களில்தான். 2023-இல் வெளியான இன்டராக்ட்-3 ஆய்வில், மேல் பிரஷரை ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே இறக்கி, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுக்குள் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு அதை முறிக்க மருந்து கொடுத்தார்கள். 10 நாடுகளில் 7,000 பேருக்கு மேல் பங்கேற்ற அந்த ஆய்வில் இந்தியாவும் இலங்கையும் உண்டு. பிழைத்தவர்கள் எழுந்து நடமாடுவது கூடியிருந்தது.

பெட் ஸ்கேன் செய்தி அடுத்த முறை வரும்போது, அதன் கீழேயே இந்த 140-ஐயும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன்,
தென்காசி மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)