கமலாவுக்கு, கை வீக்கத்தைப் பற்றி

கும்பகோணம்
18.11.2024

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், மார்பக அறுவை முடிந்து ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு இப்போது இடது கை கனக்கிறது, மாலையானால் வளையல் தோலில் பதிகிறது, மருமகளிடம்கூடச் சொல்லவில்லை என்று கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்ததைப் பார்த்து மனம் பதைத்துவிட்டது. எனக்கும் இப்படித்தான் தொடங்கியது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் வலது கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு திரிந்தேன். அந்த எட்டு மாதத்தை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

நாம் காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர்கள். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் வேறு, மிச்சத்தை வெளியேற்றும் வடிகால் வேறு என்பது நமக்குத் தெரியும். உடம்பில் இரத்தக் குழாய்கள் வாய்க்கால் என்றால் நிணநீர்க் குழாய்கள் வடிகால். இரத்தத்திலிருந்து கசிந்து திசுக்களில் தங்கும் நீரையும் புரதத்தையும் அவை சேகரித்து, கழுத்தடியில் உள்ள பெரிய சிரையில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அறுவையின்போது, அந்தக் குழாய்கள் வந்து சேரும் சிறு முடிச்சுகளான அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டாலோ, கதிர்வீச்சால் அவ்விடம் தழும்பேறி இறுகிவிட்டாலோ, வடிகால் அடைபட்ட வயலைப் போலக் கையில் நீர் தேங்கிவிடுகிறது.

இந்த ஊரில் கை கால் வீங்கினாலே யானைக்கால் என்றுதான் நினைப்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார். அதில் கொசு கொண்டுவரும் புழு வடிகாலைக் கெடுக்கிறது, நமக்குச் சிகிச்சையே கெடுத்தது. தேக்கம் ஒன்றுதான், தோலைக் காக்கும் முறையும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டிலுமே வெட்கப்பட எதுவும் இல்லை.

நான் முதலில் பார்த்த மருத்துவர் நீர் பிரியும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் விழுங்கியதில் சோர்வுதான் மிச்சம். மாத்திரை நீரை மட்டும் இழுக்கிறது. தேங்கிய புரதம் அங்கேயே கிடந்து மறுபடியும் நீரை ஈர்த்துக்கொள்கிறது. நாள்பட்டால் நார்த்திசு படர்ந்து கை கெட்டிப்பட்டுவிடும். அழுத்தினால் குழி விழுகிறது என்று எழுதியிருக்கிறாயே, உன் கை இன்னும் இளக்கமாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இந்த நேரத்தை விட்டுவிடாதே. முதலில் உன் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டி, நோய் திரும்பவில்லை, இரத்தம் உறையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நிணநீர் வீக்கத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் போ.

பிசியோதெரபி என்றதும் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பார்கள் என்று நினைத்துப் போனேன். அந்தப் பெண் எடுத்த எடுப்பில் வீங்கிய கையைத் தொடவே இல்லை. முதலில் கழுத்தின் இரு பக்கமும், பிறகு நல்ல பக்கத்து அக்குளிலும், குழந்தையின் கண்ணிமையைத் துடைக்கிற கனத்தில் தோலை மட்டும் மெல்ல நகர்த்தி நகர்த்தி விட்டார். கைக்கு வர இருபது நிமிடம் ஆயிற்று. காரணம் கேட்டேன். "கீழே வடிய வழி பண்ணாமல் மேலே மடையைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகும் அம்மா?" என்றார். நிணநீரின் நுண்குழாய்கள் தோலை ஒட்டியே ஓடுவதால் அழுத்தித் தேய்ப்பதில் பயனில்லையாம். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930களில் பிரான்சில் வகுத்த முறை இது.

ஆனாலும், என் கையைக் குறைத்தது கட்டுதான் என்பேன். விரல் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய துணிச்சுருள், கைக்குப் பஞ்சு, அதன் மேல் அதிகம் இழுபடாத கட்டுத்துணி அடுக்கடுக்காக, மணிக்கட்டில் இறுக்கமாகவும் தோளை நோக்கிப் போகப் போகத் தளர்வாகவும். சும்மா இருக்கும்போது அது கையை நெருக்காது. விரலை மடக்கி நீட்டினால் தசை கட்டின் மேல் மோதி நீரை மேலே தள்ளும். மூன்று வாரம் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். முழங்கைக்கு மேல் இரு கைகளுக்கும் இருந்த 4 செ.மீ. வேறுபாடு 1.5 ஆனது. அதற்குமேல் இறங்கவில்லை. இப்போது அளவெடுத்துச் செய்த அழுத்த உறையைப் பகலெல்லாம் அணிகிறேன். ஆறு மாதத்தில் அது தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும்.

கனமே தூக்கக் கூடாது என்று உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இதே வீக்கம் உள்ள 141 பெண்களில் ஒரு பாதியினர் உறை அணிந்து, வாரம் இரு முறை, சிறு எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டித் தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென மோசமாவதும் குறைந்தது. நான் அரை கிலோவில் தொடங்கினேன். நீயும் பிசியோதெரபிஸ்டின் கண்காணிப்பில் தொடங்கலாம்.

அரிவாள்மனை கீறினாலும் ரோஜா முள் குத்தினாலும் உடனே கழுவி மருந்து போடு. கை சிவந்து, சூடேறி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடு. அந்த நிலையில் தடவலும் கூடாது, கட்டும் கூடாது.

இன்றைக்கே தையல் நாடாவை எடுத்து, மணிக்கட்டிலிருந்து 4 செ.மீ.க்கு ஓர் இடமாக இரு கைகளையும் அளந்து எனக்கு எழுது. மருமகளிடமும் சொல்லிவிடு, கமலா. ஒற்றைக் கையால் அந்தக் கட்டைத் தோள் வரை கட்ட முடியாது. எனக்கு என் மகள்தான் கட்டிவிட்டாள்.

உன் அன்புத் தோழி,
சாரதா